சளி நிறம் மாறினால்: சிஓபிடி உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு

வீட்டில் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், உள்ள ஒருவர் இருக்கிறார். திடீரென்று இருமல் கூடிவிட்டது, மாடி ஏறினால் வாங்கிக்கொண்டிருந்த மூச்சு இப்போது பாத்ரூம் போய் வந்தாலே வாங்குகிறது, சளி பச்சையாக வருகிறது. இந்த நேரத்தில் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். மெடிக்கலுக்குப் போய் "சளிக்கு நல்ல ஆன்டிபயாட்டிக்கா குடுங்க" என்று மூன்று மாத்திரை வாங்கி வருவார்கள். இல்லையென்றால் "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று கஷாயம் வைத்துக்கொடுத்து ஒரு வாரம் தள்ளுவார்கள். முதலாவது வழியில் தேவையில்லாத மருந்து உள்ளே போகிறது, இரண்டாவதில் ஆளே போய்விடலாம். ஆன்டிபயாட்டிக் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம், எப்போது எதையும் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் ஓரளவு தெரிந்து வைத்திருக்க முடியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்குப் பல வருடமாக இந்த நோய் இருக்கிறது, பார்த்துக்கொள்வது நான். அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஜன்னல் இல்லாத சமையலறையில் விறகும் வரட்டியும் வைத்து ஊதி ஊதிச் சமைத்தார், அவ்வளவுதான். சிஓபிடி என்றாலே புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட பெண்களை "ஆஸ்துமா, இளைப்பு" என்ற ஒரே பெயரில் வருடக்கணக்காக ஓட்டிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை இதுவரை எடுக்கவே இல்லை என்றால், அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதை முதலில் எடுத்துவிடுங்கள். நோய் இன்னதென்று உறுதியாகாமல் கீழே சொல்லும் எதுவும் சரியாகப் பொருந்தாது.

நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியது

நோய் கூடிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? வழக்கமாக எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அதனால் நோய் அடங்கியிருக்கும் ஒரு வாரத்தில் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ நாள்காட்டிக்குப் பக்கத்திலோ ஒட்டி வையுங்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், காலையில் எவ்வளவு சளி வருகிறது, அது என்ன நிறம், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, நாடித்துடிப்பு எவ்வளவு. ஆக்சிமீட்டர் பார்க்கும்போது விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப்பூச்சோ அடர்த்தியான மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நோய் முற்றிய சிலருக்கு நல்ல நாளிலேயே 90, 91 தான் இருக்கும். அவருக்கு 90 வந்தால் பதற வேண்டியதில்லை. எப்போதும் 96 இருப்பவருக்கு 90 வந்தால் அது பெரிய இறக்கம்.

அதே தாளில் தினமும் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், பென்சிலின் மாதிரி ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, சர்க்கரை, சிறுநீரகம், இதயக் கோளாறு உண்டா, கடைசியாக எப்போது என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார் என்பதும் இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ட்யூட்டி டாக்டர் இதைத்தான் கேட்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரால் பதில் சொல்ல முடியாது.

மூன்று கேள்விகள்

சிஓபிடி உள்ளவருக்கு மூச்சுத்திணறல், இருமல், சளி இவை ஓரிரு நாளிலோ இரண்டு வாரத்துக்குள்ளாகவோ வழக்கத்தை விட மோசமானால் அதைத்தான் டாக்டர்கள் நோய் கிளர்ந்துவிட்டது என்கிறார்கள். காரணம் எல்லா நேரமும் பாக்டீரியா இல்லை. சாதாரண ஜலதோஷ வைரஸாக இருக்கலாம், போகி அன்றைக்கு எரித்த டயர் புகையாகவோ தீபாவளிப் பட்டாசுப் புகையாகவோ இருக்கலாம், இன்ஹேலரை ஒரு வாரம் விட்டதாகக்கூட இருக்கலாம். தோராயமாகப் பாதிக் கிளர்ச்சிகளில்தான் சளியில் பாக்டீரியா கிடைக்கிறது. அந்தப் பாதியைப் பிரித்தெடுப்பதுதான் நம் வேலை.

1987-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் அந்தோனிசன் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது மூன்றே விஷயம்: மூச்சுத்திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, சளி சீழ் மாதிரி நிறம் மாறியிருக்கிறதா. மூன்றும் இருந்தவர்களில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது 63 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தபோது 43 சதவீதம் பேருக்கு. மூன்றில் ஒன்று மட்டும் இருந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக்கால் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. இதிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூன்றும் இருந்தும்கூட, மருந்தில்லாமல் 43 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் உதவும், ஆனால் எல்லாமே அதுதான் என்று நினைக்கக் கூடாது.

இப்போது சிஓபிடிக்கு உலகெங்கும் டாக்டர்கள் பின்பற்றும் கோல்ட் (GOLD) வழிகாட்டுதலிலும் கிட்டத்தட்ட இதுதான். மூன்றும் இருந்தால் ஆன்டிபயாட்டிக். இரண்டு இருந்து, அதில் ஒன்று சளி நிறம் மாறியதாக இருந்தாலும் ஆன்டிபயாட்டிக். வென்டிலேட்டரோ, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் பைபாப்போ தேவைப்படும் அளவுக்கு முற்றிவிட்டால் நிறத்தைப் பார்க்காமலே கொடுப்பார்கள்.

சளியை எப்படிப் பார்ப்பது

வாஷ்பேசினில் துப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும், காபி, டீ, வெற்றிலை எதுவும் வாயில் படுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வருவதை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் துப்பச் சொல்லுங்கள். அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட்டில் லேசான மஞ்சள் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அம்மாவுக்கு வழக்கமாக வருவது கஞ்சித்தண்ணி மாதிரி வெளுப்பாக, கொஞ்சம் நுரையோடு, பேப்பரில் ஊறிப் பரவிவிடும். தொற்று வந்தால் அது பரவாது. பாசிப்பயறு நிறத்தில், ஓரம் கெட்டியாக, பேப்பரைச் சாய்த்தாலும் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் உங்களுக்கே தெரியும்.

அந்தப் பச்சை பாக்டீரியாவின் நிறம் கிடையாது. கிருமியை எதிர்க்க வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் மைலோபெராக்ஸிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது, அதுதான் பச்சை. எவ்வளவு வெள்ளணு வந்து குவிகிறதோ அவ்வளவு பச்சை. 2000-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஸ்டாக்லி குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சீழ் நிறச் சளியில் 84 சதவீதத்தில் பாக்டீரியா வளர்ந்தது, வெளுப்பான சளியில் 38 சதவீதத்தில்தான். வெளுப்பான சளி இருந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை, அவர்கள் அது இல்லாமலே தேறினார்கள். ஆக நிறம் நல்ல துப்பு, ஆனால் தீர்ப்பு இல்லை. சிலருக்கு எப்போதுமே காலை முதல் சளி கொஞ்சம் மஞ்சளாகத்தான் வரும், ராத்திரி முழுக்கத் தேங்கி நின்றது அது. அவர்களுக்கு அன்றைய இரண்டாவது, மூன்றாவது சளியையும் பார்த்து, வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.

சளி துருப்பிடித்த நிறத்தில் வந்தாலோ ரத்தம் கலந்திருந்தாலோ நிறம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நிமோனியாவாக இருக்கலாம், டிபியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

யார் இந்தக் கிருமிகள்

அதிகம் வருவது மூன்று: ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே, நியூமோகாக்கஸ், மொராக்ஸெல்லா கட்டாராலிஸ். நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போனவர்கள், அடிக்கடி அட்மிட் ஆகிறவர்கள், மூச்சுக்குழாய் விரிந்துபோன பிராங்கியெக்டாசிஸ் உள்ளவர்கள், மாதத்துக்கொருமுறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் இவர்களுக்கு சூடோமோனாஸ் வரும். அது வந்துவிட்டால் சாதாரண மாத்திரைகள் எதற்கும் மசியாது. சும்மா சும்மா ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று சொல்வதற்கு இது பெரிய காரணம்.

இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். சிஓபிடி உள்ள பலருக்கு நன்றாக இருக்கும் நாட்களிலேயே மூச்சுக்குழாயில் இந்தக் கிருமிகள் குடியிருக்கும். ஆரோக்கியமான நுரையீரலில் மெல்லிய ரோமங்கள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், புகையில் அந்த ரோமங்கள் கருகிப்போனால் சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி தங்கும். அப்புறம் ஏன் சில நாட்களில் மட்டும் நோய் கிளம்புகிறது? அமெரிக்காவின் பஃபலோ நகரில் சஞ்சய் சேத்தியும் அவரது குழுவும் நோயாளிகளின் சளியை வருடக்கணக்காகச் சேகரித்து 2002-இல் விடை சொன்னார்கள். அதே கிருமியின் புதிய ரகம் ஒன்று உள்ளே வரும்போது கிளர்ச்சி வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. உடம்பு பழைய ரகத்துக்குப் பழகியிருக்கும், புதியதற்குப் பழகியிருக்காது. லேபில் சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி பெயர் வந்துவிட்டது என்பதற்காக மட்டும், அறிகுறி எதுவும் கூடாதவருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான்.

முதல் சில மணி நேரம்

மூச்சு வாங்குகிறவரைப் படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் சாய்ந்து, கைகளை மேஜையிலோ தொடையிலோ ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போவதை விட வெளியே வருவதுதான் சிரமம், அதனால்தான். ஃபேனை முகத்துக்கு நேராக வைப்பது நிஜமாகவே திணறலைக் குறைக்கும்.

அடுத்து சால்ப்யூட்டமால், அதாவது அஸ்தலின் மாதிரி உடனடி நிவாரண பம்ப். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இல்லாமல் அடித்தால், அதுவும் மூச்சு வாங்கும்போது, பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரில் மாட்டி, நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் அடித்து நாலைந்து முறை நிதானமாக மூச்சு இழுக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த பஃப். ஒரே தடவையில் நாலு பஃப் உள்ளே அடித்துவிட்டு இழுக்கச் சொல்வது வீண். எத்தனை பஃப், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி அந்தத் தாளிலேயே ஒட்டுங்கள். ஸ்பேசரோடு சரியாக அடித்தால் நெபுலைசருக்குக் குறையாத பலன் கிடைக்கும். நெபுலைசர் போட்டால்தான் வேலை செய்யும் என்பது மனதில் ஊறிப்போன ஒரு நம்பிக்கை. ஆனால் இழுக்கத் தெம்பில்லாதவருக்கு நெபுலைசர் வசதிதான். வழக்கமான இன்ஹேலர்களையும் நிறுத்தாமல் தொடர வேண்டும்.

பம்ப் அடித்தும் மூச்சு அடங்கவில்லை, அல்லது நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது, கிளம்புங்கள்.

தூதுவளை ரசம், மிளகு ரசம், வெந்நீர் இவற்றில் தவறில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும், தண்ணீரும் உள்ளே போகும். மருந்துக்குப் பதிலாக அது ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆவி பிடிப்பது பற்றி மட்டும் கொஞ்சம் கவனம்: போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு மூச்சு முட்டுகிறவரை உட்கார வைப்பதில் பலனை விட வெந்துபோகும் ஆபத்துதான் அதிகம். சாம்பிராணி, கற்பூரப் புகை கூடவே கூடாது. இருமல் அடங்கட்டும் என்று கோடீன் கலந்த சிரப்போ, தூங்கட்டும் என்று அல்ப்ரசோலாம் மாதிரி தூக்க மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். இவை மூச்சையே மந்தப்படுத்தும். சளி வெளியே வர இருமல் வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் எழுதினால்

சாதாரணமாக அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இவற்றில் ஒன்றை எழுதுவார்கள், பெரும்பாலும் ஐந்து நாள் போதும். எந்த மருந்து என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சில விஷயங்களை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அவர் கேட்காமல் போகலாம்.

முதலாவது டெரிஃபிலின். நம் ஊரில் மூச்சு வாங்கும் பாதிப் பேர் பையில் அந்த மாத்திரை இருக்கும். அதில் இருப்பது தியோஃபிலின் வகை. அதோடு சிப்ரோஃப்ளாக்சசினோ கிளாரித்ரோமைசினோ சேர்ந்தால் தியோஃபிலின் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். வாந்தி, படபடப்பு, கை நடுக்கம், சில சமயம் வலிப்பு வரைக்கும் போகலாம். "டெரிஃபிலின் சாப்பிடுறாங்க டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் போதும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர் என்றால் அஸித்ரோமைசின் எழுதும்போது அதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால் எந்த ஆன்டிபயாட்டிக்காக இருந்தாலும் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளினைப் பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ஜெலுசில் வகையறாவோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சேராது. நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டை சாப்பாட்டோடு கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும்.

இரண்டாவது, டிபி. இதை நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டும் டிபி கிருமியையும் தாக்கும் மருந்துகள். நெஞ்சுச் சளிக்கு என்று இவற்றை எடுத்த எடுப்பில் கொடுத்தால், உள்ளே டிபி இருந்தால் பத்து நாள் தேறியது போலத் தெரியும், சோதனையில் கிருமி சிக்காமல் போகும், மாதக்கணக்கில் நோய் தெரியாமல் முற்றும், அந்த மருந்துக்கே கிருமி பழகிவிடவும் வாய்ப்பு உண்டு. கூடவே ஸ்டீராய்டும் போனால் டிபிக்குக் கொண்டாட்டம். அதனால் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் புது இருமல் இவற்றில் ஏதாவது இருந்தாலோ, முன்பு டிபி வந்திருந்தாலோ, முதல் மாத்திரை போடுவதற்கு முன் சளியை டிபி சோதனைக்குக் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளில் சிபிநாட், ட்ரூநாட் சோதனை இலவசம். லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை ஸ்டீராய்டோடு சேர்த்துச் சாப்பிடும் அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்குக் குதிகால் தசைநாரில் வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த நார் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

சளி கல்ச்சர் எல்லோருக்கும் தேவையில்லை. அடிக்கடி கிளம்புகிறது, முதல் ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, அட்மிட் ஆகும் நிலை என்றால் கேட்பார்கள். அப்போது லேப் கொடுக்கும் டப்பாவில்தான் எடுக்க வேண்டும், பழைய மருந்து பாட்டிலில் வேண்டாம். எச்சில் வந்தால் பயனில்லை, ஆழத்திலிருந்து வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் வேண்டுமா வேண்டாமா என்று இழுபறியாக இருந்தால் சிஆர்பி என்ற ரத்தச் சோதனை உதவும். பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், சிஆர்பி பார்த்து முடிவெடுத்த குழுவில் 57 சதவீதம் பேரும், பார்க்காத குழுவில் 77 சதவீதம் பேரும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட குழு எந்த விதத்திலும் மோசமாகிவிடவில்லை. சிஆர்பி 20-க்குக் கீழே இருந்து, சளியும் வெளுப்பாக இருந்தால், "இது இல்லாம பாக்கலாமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஸ்டீராய்டு மாத்திரையும் பெரும்பாலும் கூடவே வரும். பிரெட்னிசலோன் தினம் 40 மி.கி., ஐந்து நாள். ஸ்விட்சர்லாந்தில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு, ஐந்து நாளும் பதினான்கு நாளும் ஒரே பலன்தான் என்று காட்டியது. "போன தடவை இதுல நல்லா கேட்டுச்சு" என்று பழைய சீட்டை வைத்து மாதம் மாதம் வாங்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி, கடைசியில் தொற்றுக்கே வழிவிடும் அது. சர்க்கரை உள்ளவர் என்றால் அந்த ஐந்து நாளும் குளுக்கோமீட்டரில் பாருங்கள், மதியத்துக்கு மேல் ரொம்ப ஏறும்.

மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் மூச்சு கொஞ்சம் லேசாகி, சளியின் பச்சை வெளிற ஆரம்பிக்க வேண்டும். இருமல் முழுசாக அடங்க வாரங்கள்கூட ஆகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளும் அப்படியே இருக்கிறார், அல்லது மோசமாகிறார் என்றால் ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் திரும்பப் போங்கள்.

108-ஐ எப்போது கூப்பிடுவது

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடியவில்லை. உதடு, நகம் நீலம் பாய்கிறது. குழப்பமாகப் பேசுகிறார், அல்லது கூப்பிட்டால் கண் திறக்காமல் சொக்கிச் சொக்கி விழுகிறார். நெஞ்சு வலி. ஆக்சிஜன் 88-க்குக் கீழே போய் ஏறவில்லை. நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல், வயிறும் கழுத்துத் தசையும் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். இதில் ஒன்று இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சொந்தக்காரர் கார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும்.

சொக்கி விழுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க இருமித் தவித்தவர் விடிகாலையில் அமைதியாகத் தூங்குகிறார் என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வரும். அது கரியமில வாயு ரத்தத்தில் ஏறி மயங்குவதாக இருக்கலாம். எழுப்பிப் பெயர் கேளுங்கள், தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். காலையில் தலைவலி, கை உதறல் இவையும் அதன் அறிகுறிகள்.

அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் இவர்களுக்குக் கரியமில வாயுவை ஏற்றிவிடும், அதனால் ஆக்சிஜனையும் இஷ்டத்துக்குத் திறந்துவிடக் கூடாது. கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிஜன் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் இருக்கிறது. எண் 98 வரட்டும் என்று ஏற்றிவிடுகிறார்கள். சிஓபிடி கிளர்ச்சியில் இலக்கு 88 முதல் 92 வரைதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்தார்கள், 2010-இல் முடிவு வந்தது. அளவாகக் கொடுத்தவர்களிடம் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆம்புலன்ஸில் ஏறியதுமே "சிஓபிடி நோயாளி" என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் பைபாப் போடணும் என்றால் பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். தொண்டையில் குழாய் விடும் வென்டிலேட்டர் வேறு, இது முகத்தில் இறுக்கமாக மாஸ்க் மாட்டிக் காற்றழுத்தம் கொடுப்பது. கரியமில வாயு ஏறியவர்களுக்கு உயிர் காக்கும் சிகிச்சை இது, குழாய் விடும் நிலையைத் தவிர்ப்பதே பெரும்பாலும் இதுதான். முதல் ஒரு மணி நேரம் மாஸ்க்கைப் பிடுங்கி எறியப் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு "மெஷின் கூடவே மூச்சு விடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும்.

தேறிய பிறகு

நெபுலைசர் கப், மாஸ்க், ஸ்பேசர் மூன்றையும் பாருங்கள். ஈரத்தோடு மூடி வைத்த நெபுலைசரில் சூடோமோனாஸ் சொகுசாக வளரும், அடுத்த முறை மருந்தோடு அதுவும் நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, காற்றில் முழுக்க உலர விட வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை கொதிக்க வைக்கலாம் என்பது கூட வந்த தாளில் இருக்கும். ஸ்பேசரைத் துணியால் துடைக்க வேண்டாம், துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும், அப்படியே உலரட்டும்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அந்த வகை இன்ஹேலர் சிலருக்கு நிமோனியா வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். அடிக்கடி நிமோனியா வந்தால் அது இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதத்துக்குள் ஒருமுறையும், மூன்று நாலு மாதத்தில் இன்னொரு முறையும் கட்டாயம் காட்டுங்கள். போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துப்போய் டாக்டர் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே வெளிப்பட்டுவிடும். அந்தச் சமயத்திலேயே வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசியும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் பற்றிக் கேளுங்கள். ஃப்ளூ ஊசியை வடகிழக்குப் பருவமழைக்கு முன் போட்டுவிடுவது நல்லது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கிளம்புகிறவர் என்றால் தடுக்கும் மருந்துகள் தனியாக உண்டு. நீண்ட நாள் அஸித்ரோமைசின் அதில் ஒன்று, ஆனால் காது கேட்பது குறையலாம் என்பதால் காதையும் இசிஜியையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

வீட்டில் யார் புகைபிடித்தாலும் நிறுத்த வேண்டும், வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையோடு உள்ளே வருகிறது. விறகடுப்பு இன்னும் இருந்தால், வெந்நீர் வைக்க மட்டும்தானே என்று விட்டுவைக்காதீர்கள். அம்மா கேஸ் அடுப்புக்கு மாறிய பிறகும் குளிக்கத் தண்ணீர் மட்டும் பின்கட்டில் விறகில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி ஹீட்டர் போட்ட பிறகு அந்த மார்கழியை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் கடந்தார்.